பழம் தின்னும் டுராக்கோ: வாழைக் கொல்லைக்காரருக்கு வரவா, செலவா?

புதுச்சேரி நகரைச் சுற்றி வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டுப் பகுதிகளில் அரைக் காணி, ஒரு காணி நிலத்தை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயிகள் ஏராளம். நெல்லும் மணிலாவும் கரும்பும் போட்டு வரும் வருமானம் வீட்டுச் செலவுக்கே இழுபறியாகும்போது, கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி என்று ஏதாவது ஒரு பக்கத் தொழிலைத் தேடுவது இயல்பு. அண்மைக் காலமாக அந்த வரிசையில் கூண்டுப் பறவை வளர்ப்பும் சேர்ந்திருக்கிறது. நகரத்து வீடுகளில் அழகுப் பறவை வளர்க்கும் பழக்கம் பெருகியதே இதற்குக் காரணம்.

பச்சைக்கிளி அளவுப் பறவைகளோடு ஆசை நிற்பதில்லை. டுராக்கோ என்ற ஆப்பிரிக்கப் பறவை பழம் தின்று வாழ்வது என்று கேள்விப்பட்டதும், "கொல்லையில் வாழையும் பப்பாளியும் இருக்கின்றன, தீவனச் செலவே இல்லை, ஒரு ஜோடி வாங்கிவிட்டால் குஞ்சு விற்றே கடனை அடைத்துவிடலாம்" என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பறவையின் குணம், அதற்கான கூண்டு, தீவனம், சட்டம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளாமல் கைப்பணத்தைப் போட்டால் முதலுக்கே மோசம் வரும்.

டுராக்கோ என்பது எது?

டுராக்கோ இனங்கள் ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே மட்டுமே இயற்கையாக வாழ்பவை. இவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை அலகு முதல் வால் நுனி வரை 40 முதல் 50 சென்டிமீட்டர் நீளமும், கால் கிலோ முதல் 400 கிராம் வரை எடையும் உள்ளவை. பெரிய நீல டுராக்கோ என்ற வகை மட்டும் 75 சென்டிமீட்டர் நீளமும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையும் வரும். தலையில் கொண்டை, நீண்ட வால், பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று தெரியும் சிவப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். சிவப்புக் கொண்டை டுராக்கோ அங்கோலா நாட்டின் தேசியப் பறவையாகும்.

இதன் நிறத்தில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான பறவைகளின் பச்சை நிறம் உண்மையில் பச்சைச் சாயம் அல்ல. சிறகின் அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதும் மஞ்சள் சாயமும் சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. டுராக்கோவின் சிறகிலோ மெய்யான பச்சைச் சாயமே இருக்கிறது. இறக்கையின் சிவப்புச் சாயத்தில் செம்பு கலந்திருக்கிறது. இதை ஆங்கிலேய வேதியியலாளர் ஆர்தர் சர்ச் 1869-ல் ஆராய்ந்து கூறினார். சோப்பு போன்ற காரம் கலந்த நீரில் இந்தச் சிவப்பு கரையக் கூடியது. ஆகவே கூண்டுத் தண்ணீரில் சோப்போ சோடாவோ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறப்பதில் இது கெட்டிக்காரப் பறவை அல்ல. ஆனால் கிளைக்குக் கிளை தாவுவதிலும், கிளையின் மீதே அணில்போல ஓடுவதிலும் இதை மிஞ்ச முடியாது. கூண்டு அமைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய குணம் இதுதான்.

புதுச்சேரிக்கும் டுராக்கோ வாழும் நாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஊதா டுராக்கோ வாழும் செனகல் நாட்டில் 1820-களில் தாவரங்களைத் தேடித் திரிந்தவர் பெரோட்டே என்ற தாவர அறிஞர். அவரே பின்னர் புதுச்சேரிக்கு வந்து, 1826-ல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் வளர்ச்சிக்கு உழைத்து, 1870-ல் இந்த ஊரிலேயே காலமானார். அன்று செனகலிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு செடியோ பறவையோ வர ஒரு கப்பல் போதும். இன்று கப்பலைக் காட்டிலும் காகிதங்கள் முக்கியம்.

முதலில் காகிதம், பிறகு பறவை

வெளிநாட்டுப் பறவைகளைப் பற்றி, "இது நம் நாட்டுப் பறவை இல்லையே, வனத்துறைக்கு என்ன வேலை?" என்று கேட்பவர் உண்டு. முன்பு அந்தக் கேள்விக்கு ஓரளவு இடம் இருந்தது. இப்போது இல்லை.

அழிந்துவரும் உயிரினங்களின் உலக வாணிபத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் 'சைட்டீஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 1976-ல் இதில் சேர்ந்தது. பச்சை டுராக்கோ வகைகள் அடங்கிய 'டாராக்கோ' என்ற பேரினம் முழுவதும் இந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் உள்ளது. நமது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, சைட்டீஸ் பட்டியல்களில் உள்ள உயிரினங்கள் அந்தச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அது முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர், பறவை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தின் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பறவை கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் அந்த விவரங்களையும் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தை மீறுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வகை உண்டு. ஒரு காணி நிலத்துக்காரர் தாங்கக்கூடிய அடி அல்ல இது.

ஆகவே பறவையைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். விற்பவரிடம் அந்தப் பறவைக்கான பதிவுச் சான்று இருக்கிறதா, காலில் எண் பொறித்த வளையம் இருக்கிறதா, அந்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். "பத்திரம் பிறகு வரும்" என்று சொல்பவரிடம் பறவை வாங்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டின் சைட்டீஸ் பத்திரம், கால்நடைத் துறையின் சுகாதார அனுமதி ஆகிய அனைத்தும் தேவை. சிறு விவசாயி அந்த வழியை நினைக்காமலிருப்பதே நல்லது.

நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி இரண்டாம் பேச்சே இல்லை. பச்சைக்கிளி, மைனா, தினைக்குருவி என்று வயலிலும் தோப்பிலும் பறக்கும் எதையும் வலை வைத்துப் பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் குற்றமாகும்.

கூண்டு அமைப்பு

டுராக்கோவுக்கு வேண்டியது கூண்டு என்பதைவிடக் கொட்டகை என்பதே பொருந்தும். ஒரு ஜோடிக்கு 15 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரம் இருப்பது நல்லது. நீளம் கூடினால் இன்னும் நல்லது. உயரத்தை மட்டும் கூட்டி நீளத்தைக் குறைப்பதில் பயனில்லை. இது ஓடித் தாவும் பறவை.

கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எலி, கீரிப்பிள்ளை, மரநாய், சாரைப்பாம்பு ஆகியவை நுழையாதபடி சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்கலாம், அல்லது செங்கல் கட்டு கட்டி அதன்மேல் வலையை நிறுத்தலாம். நுழைவாயிலில் இரண்டு கதவுகள் அவசியம். முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பறவை ஒரு நொடியில் மாமரத்துக்குப் போய்விட்டால் திரும்பி வராது.

கூரையில் மூன்றில் ஒரு பங்கையாவது கீற்றாலோ ஓட்டாலோ மூட வேண்டும். காட்டு நிழலில் வாழ்ந்து பழகிய பறவைக்குப் புதுச்சேரியின் அக்கினி நட்சத்திர வெயில் ஆகாது. உச்சி வெயிலில் கூரைமேல் ஈரச் சாக்கு போடுவதும், பூவாளியால் நீர் தெளிப்பதும் உதவும். டுராக்கோ குளிப்பதை விரும்பும் பறவை. மழைத் தூறல் படும் திறந்த பகுதியும், அகலமான ஆழமில்லாத நீர்த்தொட்டியும் இருக்க வேண்டும்.

உட்காருவதற்கு மூங்கிலைப் போல வழுவழுப்பான கழிகளைவிட, கொய்யா, நாவல், வேம்பு போன்ற மரங்களின் பட்டை உரிக்காத கிளைகளே ஏற்றவை. தடிப்பும் மெலிவுமாகப் பல அளவில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் தூரத்தில், குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். தொட்டிச் செடிகள் வைத்தால் தளிரைத் தின்றுவிடும். அரளி போன்ற நச்சுச் செடிகள் கூண்டுக்குள்ளோ வலையை ஒட்டியோ இருக்கக் கூடாது.

புயலை மறந்து இந்தக் கடற்கரையில் எதையும் கட்ட முடியாது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ல் 'பெஞ்சல்' புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆகவே கூண்டை மேட்டு நிலத்தில் அமைத்து, தூண்களைக் கான்கிரீட்டில் ஊன்ற வேண்டும். தென்னை, முருங்கை போன்று ஒடியும் மரங்களுக்கு அடியில் அமைக்கக் கூடாது. எச்சரிக்கை வந்ததும் பறவைகளை மாற்ற, வீட்டுக்குள் வைக்கக்கூடிய இரண்டு சிறு கூண்டுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தீவனம்: பெயரில் வாழை, வயிற்றில் அத்தி

விஞ்ஞானிகள் டுராக்கோ குடும்பத்துக்கு வைத்த லத்தீன் பெயருக்கு 'வாழை தின்னி' என்பது பொருள். பெயர்தான் அப்படி. காட்டில் இது வாழையைத் தேடிப் போவதில்லை. அத்தி இனப் பழங்களும், வேறு காட்டுப் பழங்களும், தளிர், மொட்டு, பூ ஆகியவையுமே இதன் முக்கிய ஆகாரம். வெறும் வாழைப்பழத்தைப் போட்டு வளர்த்தால் பறவை கொழுக்குமே தவிர, சத்து சேராது.

பப்பாளி, வாழை, கொய்யா, சப்போட்டா, திராட்சை, மாதுளை, அத்தி என்று குறைந்தது நான்கு வகைப் பழங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கலந்து கொடுக்க வேண்டும். கடலைப் பருப்பு அளவு முதல் சுண்டைக்காய் அளவு வரை துண்டுகள் இருக்கலாம். இந்தப் பறவை கொத்தித் தின்பதைவிட விழுங்குவதே அதிகம். பழத்தோடு, பழம் தின்னும் பறவைகளுக்கென்று தயாரான இரும்புச்சத்து குறைந்த குருணைத் தீவனத்தை ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். இளசான கீரையைப் பொடியாக அரிந்து தூவலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. மனிதருக்கு இரும்புச்சத்து நல்லது என்று முருங்கைக்கீரையை விரும்பி உண்கிறோம். பழம் தின்னும் பறவைகள் சிலவற்றுக்கு அதே இரும்பு எமனாகிவிடுகிறது. உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற முடியாமல், அது ஈரலில் படிந்து பறவை திடீரென்று இறந்துபோகும். மலை மைனாவும் டூக்கான் பறவையும் இந்த நோய்க்குப் பேர்போனவை. டுராக்கோவுக்கும் இது வருவதுண்டு. ஆகவே நாய், பூனைத் தீவனங்களை ஊறவைத்துக் கொடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முருங்கைக்கீரையை வாரிப் போடக் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்கள் உடம்பில் இரும்பு சேர்வதைக் கூட்டுபவை. எனவே அவற்றையும் தவிர்க்க வேண்டும். வெண்ணெய்ப் பழம் பறவைகளுக்கு நஞ்சு. அறவே கூடாது.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை மனிதருக்கு விற்கவே தடை இருக்கிறது. பறவைக்கும் அது வேண்டாம். வைக்கோல் மூட்டம் போட்டுப் பழுத்த பழமே சிறந்தது. மருந்து தெளித்த தோட்டத்துப் பழமானால், தெளித்த பிறகு விட வேண்டிய நாட்கள் கழிந்தனவா என்று பார்க்க வேண்டும். பப்பாளிக்கு 2008-ல் தமிழகத்தில் தோன்றிய மாவுப்பூச்சியின் காரணமாகக் கண்ட கண்ட மருந்தெல்லாம் தெளித்த காலம் ஒன்று இருந்தது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வரவழைத்துவிட்ட பிறகு அந்தப் பூச்சி அடங்கியது. இருந்தும் மருந்தடிக்கும் பழக்கம் பல தோட்டங்களில் தொடர்கிறது.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை புதிதாகத் தீவனம் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நறுக்கிய பழம் மூன்று நான்கு மணி நேரத்தில் புளித்துவிடும். மிச்சத்தை அப்படியே விட்டு அதன்மேல் புதுப் பழம் போடுவது நோயை அழைப்பதாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒரு பறவை நாளொன்றுக்குத் தின்பது ஒரு கைப்பிடி பழம்தான். இரண்டு பறவைகளுக்கு ஒரு பூவன் தார் பல நாட்களுக்கு மிஞ்சும். "சொந்தத்தில் வாழை இருக்கிறது" என்பதால் மிச்சமாவது மிகச் சிறு தொகையே. பணம் போவது பழத்துக்கு அல்ல. கூண்டுக்கும், தனித் தீவனத்துக்கும், மருத்துவத்துக்கும், காத்திருக்கும் காலத்துக்குமே.

ஜோடி சேர்த்தலும் இனப்பெருக்கமும்

பெரும்பாலான டுராக்கோ வகைகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கொண்டை பெரிது, குரல் தடிப்பு என்று சொல்லி விற்பதை நம்பக் கூடாது. சிறகு அல்லது இரத்தத் துளியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனையில் பால் அறிந்த பறவையையே வாங்க வேண்டும். இரண்டு ஆண்களை ஜோடி என்று வாங்கி ஆண்டுக்கணக்கில் முட்டைக்குக் காத்திருப்பதில் பொருளில்லை.

ஒரு கூண்டில் ஒரு ஜோடிதான். இரண்டு ஜோடிகளைச் சேர்த்து விட்டால் சண்டை நிச்சயம். ஜோடிக்குள்ளேயும் சில ஆண் பறவைகள் பெண்ணை விரட்டி விரட்டிக் கொத்திக் கொன்றுவிடுவது உண்டு. ஆகவே முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் சில வாரங்கள் வைத்து, ஒன்றையொன்று அழைத்துப் பழகிய பிறகே சேர்க்க வேண்டும். பெண் ஒளிந்துகொள்ள இலை அடர்ந்த கிளை மறைவுகளும், இரண்டு தீவனத் தட்டுகளும் இருக்க வேண்டும். ஆண் தன் வாயிலிருந்து பெண்ணுக்குப் பழம் ஊட்டுவது நல்ல அறிகுறி.

இதன் கூடு மாடப்புறாவின் கூட்டைப் போலவே நாலு குச்சிகளை அடுக்கியது. முட்டை உருண்டு விழுவதும் உண்டு. ஆகவே வளர்ப்பவரே ஆறடி உயரத்தில், மறைவான மூலையில், ஒரு கம்பிக் கூடையையோ தட்டையான மரப் பெட்டியையோ கட்டி, அதில் காய்ந்த குச்சிகளைப் பரப்பிவைப்பது வழக்கம். இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் பறவை தனக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பச்சை டுராக்கோ வகைகளில் 21 முதல் 24 நாட்களில் குஞ்சு பொரிக்கும். தாய் தந்தை இரண்டும் பழக் கூழைக் கக்கி ஊட்டும். நாலு வாரம் ஆகும் முன்பே, பறக்கத் தெரியாத நிலையிலேயே குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறிக் கிளைகளில் ஊர்ந்து திரியும். குஞ்சு கீழே விழுந்துவிட்டது என்று பதறித் திரும்பத் திரும்பக் கையால் எடுத்துக் கூட்டில் வைக்கத் தேவையில்லை. ஆனால் குறுக்குக் கிளைகள் தாழ்வாகவும் சில இருந்தால்தான் குஞ்சு மறுபடி மேலே ஏற முடியும். தரையில் உள்ள நீர்த்தொட்டியில் கற்களைப் போட்டு ஆழத்தைக் குறைக்க வேண்டும். கால் பருக்கும் முன்பே குஞ்சுக்கு எண் வளையம் மாட்டிவிட வேண்டும். அதைப் பதிவேட்டில் தேதியுடன் எழுதிவைப்பதும் அவசியம்.

நோய் தடுப்பு

பழம் தின்னும் பறவைக்குச் செரிமானம் வேகம். தின்றது சிறிது நேரத்தில் எச்சமாக வெளியேறும். ஆகவே கிளியைக் காட்டிலும் பல மடங்கு அசுத்தம் சேரும். தினமும் தரையைக் கூட்டி, தட்டுகளைச் சுடுநீரில் கழுவ வேண்டும். கூட்டி எடுத்த எச்சத்தையும் பழத்தோலையும் எருக்குழியில் போட்டால் நல்ல எரு கிடைக்கும். இந்த ஓர் இனத்தில் மட்டும் விவசாயிக்கு உறுதியான லாபம் உண்டு.

எலியே முதல் எதிரி. எலிப் புழுக்கையும் மூத்திரமும் பட்ட தீவனத்தால் யெர்சினியா, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும். யெர்சினியா கிருமி டுராக்கோவைத் திடீரென்று கொல்லக் கூடியது. மிச்சத் தீவனத்தை இரவில் கூண்டில் விடாமலிருப்பதே எலியைத் தடுக்க முதல் வழி.

நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும். கோழிக் கொட்டகைக்கும் பறவைக் கூண்டுக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும். கோழிகளைப் பார்த்துவிட்டு அதே கையோடு, அதே செருப்போடு கூண்டுக்குள் போகக் கூடாது. புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனியே வைத்து, எச்சத்தைச் சோதித்து, குடற்புழு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். பக்கத்தில் பறவைக் காய்ச்சல் என்ற செய்தி வந்தால், காட்டுப் பறவைகளின் எச்சம் விழாதபடி கூரையை முழுதும் மூட வேண்டும். கூட்டமாகப் பறவைகள் இறந்தால் மறைக்காமல் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

சிறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் டுராக்கோ நோயுற்றது என்று கொள்ளலாம். அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இப்பகுதி விவசாயிகளுக்கு எட்டிய தூரத்தில் இருப்பது பெரிய வசதி. பறவை வாங்கும் முன்பே அங்கு சென்று, இத்தகைய பறவைக்கு மருத்துவம் பார்க்க வழி உண்டா என்று கேட்டு அறிந்துகொள்வது முறை.

வரவு செலவு

இனி கணக்குக்கு வருவோம். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை. இரண்டும் பொரிக்கும் என்று சொல்ல முடியாது. பொரித்தாலும் இரண்டும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. இளம் பறவையாக வாங்கினால் பருவம் அடையவே ஓரிரு ஆண்டுகள் ஆகும். ஜோடி ஒத்துப்போகாவிட்டால் அதற்குமேலும் ஆகும். ஒரு பறவை இறந்தால் பாதி முதல் போயிற்று என்பது மட்டுமல்ல, இனப்பெருக்கமே நின்றுபோயிற்று என்று பொருள். ஆட்டு மந்தையில் ஒன்று செத்தால் மந்தை இருக்கும். ஒற்றை ஜோடியில் ஒன்று செத்தால் தொழிலே இல்லை.

குஞ்சு தேறினாலும் வாங்குபவர் யார்? அவரும் பதிவு செய்து வளர்க்கக் கூடியவராக, பெரிய கொட்டகை வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் எண்ணிக்கை மிகக் குறைவு. சந்தையில் கூவி விற்கும் சரக்கு அல்ல இது. நன்றாகப் பேணினால் டுராக்கோ பதினைந்து இருபது ஆண்டுகள் கூட வாழும். ஆகவே ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க வருவதும் அரிது.

நகையை அடகு வைத்தோ, பயிர்க் கடனைத் திருப்பியோ இதில் பணம் போடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். போனாலும் பயிர்ச் செலவைப் பாதிக்காது என்ற பணம் இருந்தால், இரண்டு ஆண்டு வரை ஒரு பைசா வரவு இல்லாமல் தாங்க முடிந்தால், பறவையின் மீது உண்மையான விருப்பம் இருந்தால் மட்டுமே டுராக்கோவை நினைக்கலாம்.

தொடக்கத்துக்கு ஏற்றது எது?

பறவை வளர்ப்பில் கை பழக விரும்பும் சிறு விவசாயிக்கு எளிய வழி உண்டு. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கப்படும் சின்னஞ்சிறு ஆஸ்திரேலியக் கிளியின் பெயர் உண்மையில் பட்ஜரிகர். அதுவும், கொண்டையுள்ள காக்டெய்லும் சைட்டீஸ் பட்டியலில் இல்லாதவை. எனவே மேலே சொன்ன பதிவு அவற்றுக்கு வேண்டியதில்லை. 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று விற்பவற்றில் மட்டும் கவனம் தேவை. ரோஜா முக வகைக்குப் பட்டியலில் விலக்கு உண்டு. ஃபிஷர் போன்ற மற்ற வகைகளுக்கு விலக்கு இல்லை. ஜாவாக் குருவியும் பட்டியலில் உள்ளதே. கடை வைத்து விற்பதானால் 2018-ம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி தனிப் பதிவும் வேண்டும்.

பட்ஜரிகர் ஓர் ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை இடும். சுமார் 18 நாட்களில் பொரிக்கும். ஐந்து வாரத்தில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வரும். தினையும் கம்பும் இதன் முக்கிய ஆகாரம். இவை நம் வயலிலேயே விளையக் கூடியவை. சிறு மண் கலயமே இதற்குக் கூடு. ஆனால் ஓர் ஆண்டில் இரண்டு மூன்று ஈட்டுக்கு மேல் விடாமல் கலயத்தை எடுத்துவிட்டுத் தாய்க்கு ஓய்வு தர வேண்டும். விலை குறைவான பறவைதான். இருந்தாலும் நாலைந்து ஜோடி வைத்துக் கூண்டு சுத்தம், தீவன முறை, நோய் அறிதல், பதிவேடு எழுதுதல் ஆகிய நாலையும் ஓர் ஆண்டு பழகினால், பெரிய பறவைக்குக் கை தயாராகுமா என்பது தானே தெரிந்துவிடும். தெரியாத தொழிலைப் படிக்க ஆகும் செலவு குறைவாக இருப்பதே சிறு விவசாயிக்கு நல்லது.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் வனத்துறை அலுவலகத்தில் சட்ட விவரம் கேட்க வேண்டும். அடுத்து கால்நடை மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். பிறகு புயலுக்கும் எலிக்கும் தாங்கும் கூண்டைக் கட்ட வேண்டும். பதிவுச் சான்றைச் சரிபார்த்த பின், கடைசியாகத்தான் பறவை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பறவையை வாங்கிவிட்டு மற்றதைத் தேடி ஓடுபவருக்கு, கொல்லையில் எத்தனை வாழைத் தார் பழுத்துத் தொங்கினாலும் அந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது.